மருந்து ரெப்பா, மருத்துவக் கருவி விற்பனையா? வேலூரிலிருந்து பார்த்தால்

சாயங்காலம் ஏழு மணிக்கு வேலூர் ஆற்காடு ரோட்டில் ஏதாவது ஒரு கிளினிக் வாசலைப் பாருங்கள். டோக்கனோடு காத்திருக்கும் நோயாளிகளுக்கு நடுவே, சட்டையை உள்ளே விட்டு, ஷூ போட்டு, தோளில் கனத்த பையோடு இரண்டு மூன்று பேர் சுவரோரமாக நிற்பார்கள். மருந்துக் கம்பெனி ரெப்கள், அதாவது விற்பனைப் பிரதிநிதிகள். நம் ஊரில் சித்தப்பா மகனோ பக்கத்து வீட்டு அண்ணனோ யாராவது ஒருவர் இந்த வேலையில் இருப்பார். மருத்துவக் கருவி விற்பவர்களை இப்படி வாசலில் பார்க்க முடியாது. அவர்கள் ஏதோ ஒரு ஆஸ்பத்திரியின் பர்ச்சேஸ் அறைக்கு வெளியே உட்கார்ந்திருப்பார்கள். இல்லையென்றால் காலையிலேயே உடை மாற்றிக்கொண்டு ஆபரேஷன் தியேட்டருக்குள் போயிருப்பார்கள்.

டிகிரி முடித்து வேலை தேடும் பிள்ளைகளுக்கு இரண்டுமே 'மெடிக்கல் லைன்'தான். "கருவி பக்கம் போனா சம்பளம் ஜாஸ்தியாமே" என்ற ஒரு வரியை வைத்தே பலர் முடிவெடுக்கிறார்கள். சம்பளத்தைப் பிறகு பார்ப்போம். அதற்கு முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியது வேறு: ஒரு நாளைக்கு எத்தனை பேரை உங்களால் சலிக்காமல் சந்திக்க முடியும்? ஒரு 'சரி'க்காக எத்தனை மாதம் காத்திருக்க முடியும்? இந்த இரண்டு வேலைகளும் பிரிகிற இடம் அதுதான்.

ரெப்பின் பணம் எங்கிருந்து வருகிறது

முதலில் மருந்து. ரெப்பிடமிருந்து டாக்டர் காசு கொடுத்து எதையும் வாங்குவதில்லை. டாக்டர் சீட்டில் ஒரு பெயரை எழுதுகிறார். நோயாளி அதை மெடிக்கல் ஷாப்பில் வாங்குகிறார். ஷாப்காரர் ஸ்டாக்கிஸ்டிடமும், ஸ்டாக்கிஸ்ட் கம்பெனியின் டெப்போவிலும் சரக்கு எடுக்கிறார்கள். ரத்தக்கொதிப்புக்குத் தரும் டெல்மிசார்ட்டன் என்ற ஒரே மருந்தை எத்தனையோ கம்பெனிகள் ஆளுக்கொரு பெயரில் விற்கின்றன. சீட்டில் நம் கம்பெனிப் பெயர் வர வேண்டும். ரெப்புக்குச் சம்பளம் கொடுப்பது அதற்காகத்தான்.

இது எப்படிப் பெருகும் என்பதற்கு ஒரு கணக்கு. குடியாத்தத்தில் ஒரு டாக்டர் மாதம் 10 புது நோயாளிகளுக்கு நம் பி.பி. மாத்திரையை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு மாதம் 2 அட்டை. முதல் மாதம் 20 அட்டை போகும். பி.பி. மாத்திரை நிறுத்துகிற மாத்திரை இல்லை. பழைய நோயாளிகள் தொடர்வார்கள். ஆறாவது மாதம் 60 நோயாளிகள், 120 அட்டை. அதனால்தான் சர்க்கரை, பி.பி., தைராய்டு டிவிஷன்களில் இருப்பவர்கள் ஒரு டாக்டரைப் பிடிக்க மாதக்கணக்கில் பொறுமையாக நடப்பார்கள். சளி, காய்ச்சல் மருந்து விற்பவர் கதை வேறு. மழைக்காலத்தில் விற்பனை ஏறும், மார்ச் வெயிலில் இறங்கும், ஒவ்வொரு மாதமும் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். வேலைக்குச் சேரும்போது எந்த டிவிஷன் என்று கேட்பதில் இவ்வளவு விஷயம் இருக்கிறது.

அட்டையில் 100 ரூபாய் என்று போட்டிருந்தால் டார்கெட்டில் 100 ரூபாயாக ஏறாது. விலைக்கட்டுப்பாட்டுப் பட்டியலில் இல்லாத மருந்துக்கு வழக்கமாக ஷாப்காரருக்கு 20 சதவீதம், ஸ்டாக்கிஸ்டுக்கு 10 சதவீதம் போகும். வரியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் கம்பெனி கணக்கில் நிற்பது சுமார் 72 ரூபாய். "மாதம் மூணு லட்சம் டார்கெட்" என்றால் இந்தக் கணக்கில்தான். புதிதாகச் சேர்ந்தவர்கள் முதலில் தடுமாறுகிற இடம் இது.

டாக்டர் அறைக்குள் கிடைப்பது இரண்டு நிமிடம், சில நேரம் அதுவும் இல்லை. "குட் ஈவினிங் டாக்டர்" என்று நுழைந்து, டேப்லெட்டில் மூன்று நான்கு படங்களைத் தள்ளி, ஒரு செய்தியைச் சொல்லி, சாம்பிள் இருந்தால் வைத்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். அந்தச் செய்தியை மனப்பாடமாகச் சொன்னால் டாக்டருக்குத் தெரிந்துவிடும். அப்புறம் கம்பெனி ஆப்பில் அந்தச் சந்திப்பைப் பதிய வேண்டும். நீங்கள் கிளினிக் பக்கம் நிற்கிறீர்களா என்று ஜி.பி.எஸ். பார்த்துக்கொள்ளும்.

உண்மையான வேலை பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் நடக்கிறது. கூட்டம் குறைந்த நேரம் பார்த்து, "அண்ணே, டாக்டர் சீட்டு எப்படிப் போகுது?" என்று ஆரம்பித்து, எந்தக் கம்பெனி எத்தனை அட்டை என்று வாங்கிக்கொள்ள வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் போனால் 'பாய்' என்று கூப்பிட்டு, நாலு வார்த்தை உருதுவில் பேசத் தெரிந்தவருக்குக் கதவு சீக்கிரம் திறக்கும். இந்த விசாரிப்புக்கு ஆர்.சி.பி.ஏ. என்று பெயர். "எழுதறேன்பா" என்று டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னது உண்மையா என்று தெரிகிற ஒரே இடம் அந்தக் கல்லாப்பெட்டிதான். இதைத் தட்டிக்கழித்துவிட்டு உட்கார்ந்த இடத்தில் எண்களை நிரப்புகிற ரெப்கள் உண்டு. மாதக் கடைசியில் ஸ்டாக்கிஸ்டிடம் குளோசிங், அதாவது மிச்சச் சரக்குக் கணக்கு, எடுக்கும்போது மாட்டிக்கொள்வார்கள்.

மாதக் கடைசி என்றதும் ஒன்று. கம்பெனி ஸ்டாக்கிஸ்டுக்குத் தள்ளுவது பிரைமரி. ஸ்டாக்கிஸ்ட் கடைகளுக்கு விற்பது செகண்டரி. டார்கெட் எட்டவில்லை என்றால் மேனேஜர் போன் போட்டு, "ஸ்டாக்கிஸ்ட் கிட்ட இன்னும் கொஞ்சம் எடுக்கச் சொல்லுப்பா" என்பார். எடுத்த சரக்கு ஓடாமல் கிடந்து, காலாவதியாகித் திரும்பி வந்தால் அது உங்கள் தலையில்தான் விடியும். செகண்டரியைப் பார்க்காமல் பிரைமரியை ஏற்றுகிற ரெப் நெடுநாள் நிலைப்பதில்லை.

வேலூருக்கு மட்டும் உள்ள ஒரு சிக்கல்

வட ஆற்காடு மாவட்டம் 1989இல் பிரிந்தது. மிச்சமிருந்த வேலூர் மாவட்டமும் 2019இல் ராணிப்பேட்டை, திருப்பத்தூர், வேலூர் என்று மூன்றாகிவிட்டது. ஆனால் ரெப்பின் சுற்றுப்பயணத் திட்டத்தில் பழைய வட ஆற்காடுதான் இன்னும் உயிரோடு இருக்கிறது. வேலூரை ஹெட்குவார்ட்டர்ஸாகப் போட்டு, ஆற்காடு, ராணிப்பேட்டை, குடியாத்தம், ஆம்பூர் ஆகியவற்றை எக்ஸ் ஸ்டேஷனாகச் சேர்ப்பது வழக்கம். எக்ஸ் ஸ்டேஷன் என்றால் போய்விட்டு அன்றே திரும்புகிற ஊர். இரவு தங்கினால்தான் அவுட் ஸ்டேஷன் படி. சுமார் 50 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஆம்பூருக்குப் போனால் கிளினிக் முடிய ஒன்பது, ஒன்பதரை ஆகும். பைக்கில் ஹைவேயில் திரும்பி வர வேண்டும். படியைக் கணக்குப் போடும்போது இதையும் சேர்த்துப் போடுங்கள்.

சிக்கல் வேறொன்று. 1900இல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ஆஸ்பத்திரிக்கு இன்று மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருகிறார்கள். லாட்ஜ் போர்டுகளில் வங்காள எழுத்தைப் பார்த்திருப்பீர்கள். இங்கே எழுதிய சீட்டை எடுத்துக்கொண்டு ஒரு வாரத்தில் நோயாளி ஊருக்குப் போய்விடுகிறார். அடுத்த மாத அட்டையை மால்டாவிலோ கொல்கத்தாவிலோ வாங்குகிறார். அந்த விற்பனை அங்குள்ள ஸ்டாக்கிஸ்ட் கணக்கில், அங்குள்ள ரெப்பின் பெயரில் ஏறும். வேலூர் ரெப் உழைத்த பலன் எங்கோ போகிறது. தவிர, பெரிய ஆஸ்பத்திரிகளில் எந்த மருந்து வைப்பது என்பதை ஒரு குழு பட்டியல் போட்டு முடிவு செய்யும். அங்கே ஒரு டாக்டரின் பேனாவைப் பிடித்து ஆகப்போவது குறைவு. அதனால் வேலூரில் விவரமான ரெப்கள் பெரிய பெயர்களைச் சுற்றிக்கொண்டிருக்க மாட்டார்கள். சத்துவாச்சாரி, காட்பாடி, கே.வி.குப்பம், ஆற்காடு கிளினிக்குகளில் வேர் பிடிப்பார்கள். அங்கே எழுதும் சீட்டு அதே தெருவில் விற்பனையாகும்.

கருவி: ஒரு 'சரி'க்கு ஐந்து பேர்

மருத்துவக் கருவி என்ற சொல்லுக்குள் ஒரே வேலை இல்லை. வென்டிலேட்டர், டயாலிசிஸ் மெஷின், அல்ட்ராசவுண்ட் போன்ற பெரிய இயந்திரங்கள் ஒரு பக்கம். மூட்டு, ஸ்டென்ட், எலும்புக்கான பிளேட், ஸ்க்ரூ என்று உடம்புக்குள் வைக்கும் இம்ப்ளான்ட்கள் இன்னொரு பக்கம். கதீட்டர் (உடம்புக்குள் செலுத்தும் மெல்லிய குழாய்), தையல் நூல், சிரிஞ்சு மாதிரி தினசரி தீர்ந்துபோகிறவை மூன்றாவது. லேப் அனலைசரை ஏறக்குறைய இலவசமாக வைத்துவிட்டு அதில் ஊற்றும் ரீஏஜென்ட் என்ற பரிசோதனை ரசாயனத்தில் சம்பாதிக்கும் டயக்னாஸ்டிக்ஸ் நான்காவது. 'டிவைஸ் கம்பெனியில் வேலை' என்று யாராவது சொன்னால், இதில் எது என்று கேட்காமல் பேச்சைத் தொடராதீர்கள். தீர்ந்துபோகும் பொருள் விற்பவரின் மாதம் கிட்டத்தட்ட ரெப்பின் மாதம் போலவே ஓடும். வென்டிலேட்டர் விற்பவருக்கு ஆறு மாதம் ஒன்றுமே ஓடாது, ஏழாவது மாதம் ஒரே நாளில் வருஷ டார்கெட்டில் பாதி முடியும்.

பெரிய இயந்திரம் விற்பது பெண் பார்க்கப் போவது மாதிரிதான். பையனுக்குப் பிடித்துவிட்டால் முடிந்ததா? தாய்மாமன் சம்மதிக்க வேண்டும், அத்தை முகம் கோணக்கூடாது, பேச்சுக்கே வராத பெரியப்பா கடைசியில் ஒரு வார்த்தை சொல்லிக் கெடுத்துவிடுவார். ஆஸ்பத்திரியிலும் டாக்டருக்குப் பிடிக்க வேண்டும். பயோமெடிக்கல் இன்ஜினியர் சர்வீஸ் பற்றிக் குடைவார். அக்கவுன்ட்ஸ் பக்கம் தவணை கேட்பார்கள். பர்ச்சேஸ் மேனேஜர் மூன்று கொட்டேஷன் வைத்துக்கொண்டு நசுக்குவார். தினமும் அதைத் தொடப்போகிற நர்ஸ் சிஸ்டர் "எங்களுக்குப் பழைய மெஷினே நல்லா இருக்கு" என்று ஒரு வரி சொன்னால் டெமோ படுத்துவிடும். புதியவர்கள் டாக்டரை மட்டும் பார்த்துவிட்டு ஆர்டர் வந்துவிட்டதாக நினைப்பார்கள்.

அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மாதிரி இடங்களில் பாதை இன்னும் சுற்று. தமிழக அரசு ஆஸ்பத்திரிகளுக்கான மருந்து, கருவி கொள்முதலைச் செய்ய 1994இல் தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் அமைக்கப்பட்டது. டெண்டர் சென்னையில் நடக்கும். இங்குள்ள டாக்டர் 'நல்ல மெஷின்' என்று சொன்னால் மட்டும் இங்கே ஒன்றும் வந்து இறங்காது.

இனி தியேட்டர். முழங்கால் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை காலை எட்டு மணிக்கு என்றால், கருவிப் பெட்டிகள் முந்தின நாள் சாயங்காலமே சென்னையிலிருந்து வந்திறங்கி, ஆஸ்பத்திரியின் ஸ்டெரிலைசேஷன் பிரிவுக்குப் போக வேண்டும். வலது காலா இடது காலா, தொடை எலும்புப் பாகத்தில் எந்தெந்த சைஸ், முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்புப் பாகத்தில் எந்தெந்த சைஸ், நடுவில் வைக்கும் பிளாஸ்டிக் எத்தனை மில்லிமீட்டர் என்று எல்லாவற்றிலும் ஒவ்வொன்று இருக்க வேண்டும். எக்ஸ்ரேயில் ஒரு சைஸ் தெரியும், திறந்து பார்த்தால் வேறொன்று பொருந்தும். கருவி விற்பவர் தள்ளி நின்று, கேட்ட சைஸ் பெட்டியை எடுத்துக் கொடுக்கச் செய்வார். நோயாளியைத் தொடக் கூடாது, ஸ்டெரைல் துணிப் பக்கம் போகக் கூடாது. சி-ஆர்ம் எக்ஸ்ரே ஓடுகிற ஆபரேஷன் என்றால் ஈய ஏப்ரன் கட்டிக்கொண்டு மணிக்கணக்கில் நிற்க வேண்டும். அதன் கனம் சாயங்காலம் முதுகில் தெரியும்.

மூட்டு டப்பாவைத் திறந்தவுடன் உள்ளே ஸ்டிக்கர்கள் இருக்கும். ஒன்று நோயாளியின் கேஸ் ஷீட்டில் ஒட்டப்படும், ஒன்று பில்லுக்கு. அந்தச் சின்ன ஸ்டிக்கர் தொலைந்தால் எந்த லாட், எந்த சைஸ் உள்ளே போனது என்பதற்கு ஆதாரம் இல்லை, பணமும் வராது. அனுபவமுள்ளவர்கள் தியேட்டரை விட்டு வெளியே வருவதற்குள் போன் கேமராவில் அதைப் படமெடுத்துவிடுவார்கள், ஆஸ்பத்திரி அனுமதித்தால். தவறி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஆபரேஷன் வைத்தால் ஞாயிற்றுக்கிழமைதான் போக வேண்டும். 'பத்து மணிக்கு வேலை, ஆறு மணிக்கு வீடு' என்று நினைத்துக் கருவி பக்கம் வருகிறவர்கள் முதல் ஆறு மாதத்தில் முகம் தொங்கிவிடுவார்கள்.

விற்ற பிறகும் விடாது. பணம் வசூலிப்பது பெரும்பாலும் விற்றவர் தலையில்தான். 90 நாள் தவணை என்று எழுதியது 150 நாள் ஆகும். மெஷின் ரிப்பேர் என்றால் சர்வீஸ் இன்ஜினியர் வருவதற்கு முன்னால் உங்கள் போன்தான் அடிக்கும்.

சட்டம் எங்கே உங்களைத் தொடும்

விரிவாகச் சொல்ல இடமில்லை, தேவையான அளவுக்கு மட்டும். மருந்துக் கம்பெனிகளுக்கான சீரான சந்தைப்படுத்தல் நெறிமுறை 2024 மார்ச்சில் வந்தது. டாக்டருக்குப் பரிசு, சுற்றுலா, பயணச் செலவு எதுவும் கூடாது. சாம்பிள் கொடுப்பதற்கும் வரம்பு உண்டு. டாக்டரைப் பார்க்க அனுமதி வாங்குவதற்காகப் பணமோ பொருளோ கொடுக்கக் கூடாது. அதே 2024இல் கருவிகளுக்கும் இதுபோன்ற ஒரு நெறிமுறை வந்தது. 2022இல் உச்ச நீதிமன்றமும், டாக்டர்களுக்கு இலவசமாகக் கொடுத்ததை வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது என்று தீர்ப்பளித்தது. இவ்வளவுக்குப் பிறகும் நேர்காணலில் "டாக்டருக்கு என்ன செய்யலாம் என்று உங்களுக்குத் தெரியும்தானே" என்று கண்ணடிக்கிற மேனேஜர் இருந்தால், எழுந்து வந்துவிடுவது நல்லது. பிரச்சினை வரும்போது கீழே இருப்பவர் பெயர்தான் முதலில் எழுதப்படும்.

கருவி பக்கம் இன்னும் சில விதிகள் உண்டு. 2017ஆம் ஆண்டு மருத்துவக் கருவி விதிகள் கருவிகளை அபாயத்தை வைத்து ஏ, பி, சி, டி என்று நான்கு வகையாகப் பிரிக்கின்றன. ஸ்டென்ட், இதய வால்வு எல்லாம் டி. அல்ட்ராசவுண்ட் மெஷினைப் பதிவு பெறாத இடத்துக்கு விற்றால் குற்றம். கருவில் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், யாருக்கு விற்றோம் என்ற பட்டியலை விற்பனையாளர் மூன்று மாதத்துக்கு ஒரு முறை அரசுக்குக் கொடுக்க வேண்டும். எக்ஸ்ரே மெஷினுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரிய அனுமதி வேண்டும். இதெல்லாம் பேப்பர் வேலை என்று அலட்சியப்படுத்துபவருக்குக் கருவி விற்பனை சரிவராது.

விலை? 2017 பிப்ரவரியில் மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய் என்று உச்ச விலை வைத்தார்கள். அதுவரை அதற்கு மேல் எவ்வளவோ விலைக்கு விற்றுக்கொண்டிருந்தது. நோயாளிக்கு அது நல்ல செய்தி. அந்த விற்பனையில் இருந்தவர்களின் இன்சென்டிவ் கணக்கு மட்டும் ஒரே இரவில் மாறியது. அந்த ஆண்டு ஆகஸ்டில் முழங்கால் மூட்டுக்கும் விலை கட்டினார்கள். 'கருவியில் பணம் கொட்டும்' என்று சொல்பவரிடம் இதை நினைவுபடுத்தலாம்.

யாருக்கு எது

மருந்துக் கம்பெனியில் எந்த டிகிரிக்கும் வழி உண்டு, பி.எஸ்ஸி.யோ பி.பார்மோ இருந்தால் கொஞ்சம் சுலபம். கையில் வருவது அடிப்படைச் சம்பளம், பயணப் படி, தினப்படி, இன்சென்டிவ் என்று பிரிந்திருக்கும். இன்சென்டிவைச் சம்பளமாக நினைத்து பைக் லோன் போடாதீர்கள். கருவி பக்கம் சம்பளம் பொதுவாக உயரத்தில் தொடங்கும் என்பது உண்மைதான், ஆனால் ஆட்கள் குறைவாகத்தான் எடுப்பார்கள், பயோமெடிக்கல் இன்ஜினியரிங் படித்தவர்களை முதலில் பார்ப்பார்கள்.

இதில் வேலூருக்கு ஒரு அனுகூலம் இருக்கிறது, பலர் அதைக் கவனிப்பதில்லை. நர்சிங், தியேட்டர் டெக்னாலஜி, டயாலிசிஸ் டெக்னாலஜி, ரேடியோகிராபி படித்தவர்கள் இந்த ஊரில் தெருவுக்கு இருவர் இருக்கிறார்கள். தியேட்டரில் எங்கே நிற்க வேண்டும், எதைத் தொடக் கூடாது என்று அவர்களுக்குப் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. கம்பெனிகள் அப்ளிகேஷன் ஸ்பெஷலிஸ்ட், கிளினிக்கல் ஸ்பெஷலிஸ்ட் என்ற பெயரில் தேடுவது இப்படிப்பட்டவர்களைத்தான். நைட் டியூட்டி பார்த்துச் சலித்த ஒரு டயாலிசிஸ் டெக்னீஷியனுக்கு இது நல்ல கதவு. வெறும் பி.எஸ்ஸி. பிசிக்ஸ் என்றால், இரண்டு மூன்று வருஷம் மருந்து ரெப்பாக இருந்து, ஊரின் ஆஸ்பத்திரிகளையும் ஸ்டாக்கிஸ்டுகளையும் தெரிந்துகொண்டு, பிறகு தையல் நூல், கதீட்டர் மாதிரி தீர்ந்துபோகும் பொருள் விற்கும் கம்பெனிக்கு மாறுவது நடைமுறையில் உள்ள வழி. நேரே இம்ப்ளான்ட் விற்பனைக்குப் போக முயன்றால் பெரும்பாலும் நேர்காணலுக்கே கூப்பிட மாட்டார்கள்.

இன்னொரு நடைமுறை விஷயம், வீடு. மருந்து ரெப்புக்கு வேலூரே ஹெட்குவார்ட்டர்ஸாகக் கிடைக்கும், அம்மா சமையல் சாப்பிட்டுக்கொண்டு வேலை பார்க்கலாம். பல கருவிக் கம்பெனிகளுக்குச் சென்னைதான் தளம், வேலூர் அவர்களுக்கு 140 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஒரு ஊர். உள்ளூரில் வேலை என்றால் பெரும்பாலும் அது டீலரிடம் வேலையாக இருக்கும். டீலரிடம் தொழில் வேகமாகக் கற்கலாம். பி.எஃப்., இன்ஷூரன்ஸ், சம்பளத் தேதி எல்லாம் ஆளைப் பொறுத்தது.

எந்தப் பக்கம் போனாலும் நேர்காணலில் வாய்விட்டுக் கேட்க வேண்டியவை: நான் கம்பெனி ரோலிலா, ஏஜென்சி ரோலிலா? ஹெட்குவார்ட்டர்ஸ் எது, அது நியமனக் கடிதத்தில் எழுதப்படுமா? இதற்கு முன் இந்த இடத்தில் இருந்தவர் ஏன் போனார், அவர் விட்டுப்போன மாத விற்பனை எவ்வளவு? ஸ்டாக்கிஸ்டிடம் இப்போது எத்தனை மாதச் சரக்கு கிடக்கிறது? கருவி என்றால், வசூல் யார் பொறுப்பு, பணம் வந்தால்தான் இன்சென்டிவா, பில் போட்டாலே கிடைக்குமா? நியமனக் கடிதத்தைக் கேட்கத் தயங்க வேண்டாம்; விற்பனைப் பிரதிநிதிகளுக்கு அது கட்டாயம் என்று 1976ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் சொன்னது. மெயிலில் அனுப்புகிறோம் என்று சொல்லிவிட்டு முதல் மாதம் முடியும்வரை அனுப்பாத இடத்தில், இரண்டாவது மாதம் பையைத் தூக்காதீர்கள்.